புரட்டாசித் தோட்டத்துப் பூச்சிக்கு எது சரி: கடை மருந்தா, வேப்பெண்ணெயா, பொறிவண்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசியும் வசந்தமும் ஒன்றாகப் பிறக்கின்றன. தமிழ்நாட்டில் அது மழையை எதிர்பார்க்கும் மாதம். இங்கே குளிர் விலகி, கறிவேப்பிலை வெளிர்பச்சைக் கொழுந்து விட்டு, எலுமிச்சை பூக்கத் தொடங்கும் மாதம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் மாதம் முழுக்கக் கவுச்சி தொடாத தமிழ் வீடுகள் இன்னும் நிறைய. காய்கறிக்கு அவ்வளவு தேவை இருக்கிற அந்த நாட்களில்தான் கத்தரி நாற்று நடுகிறோம், பீன்ஸ் விதைக்கிறோம், கீரைப் பாத்தி கட்டுகிறோம். அதே நாட்களில்தான் கறிவேப்பிலைக் கொழுந்து சுருண்டு, இலை பிசுபிசுத்து, தண்டில் எறும்பு வரிசையாக ஏறத் தொடங்குகிறது. கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அப்பிக் கிடக்கும். என்ன அடிக்கலாம் என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

கைக்கு எட்டும் வழிகள் நான்கு. தோட்டக் கடையில் விற்கும் ரசாயன மருந்து, சோப்பும் பூண்டும் மிளகாயும் கலந்த வீட்டுக் கரைசல், வேப்பெண்ணெய், கடைசியாக ஒன்றும் அடிக்காமல் பூச்சியைத் தின்னும் பூச்சியை நம்பி இருப்பது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையலுக்கு நாளும் கிள்ளுகிற செடிக்கு ரசாயன மருந்து வேண்டாம். வசந்தத்தின் முதல் மூன்று நான்கு வாரம் கையைக் கட்டிக்கொண்டு, எறும்பை மட்டும் தடுத்து நிறுத்தினால், மற்ற வேலையில் பெரும்பகுதி தானாக நடந்துவிடும். எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

ஏன் அந்த மூன்று நான்கு வாரம்? அசுவினிக்கு இந்தப் பருவத்தில் ஆண் துணை தேவையில்லை. பெண் பூச்சி முட்டைக்குப் பதில் உயிருள்ள குட்டியையே ஈனும். அந்தக் குட்டி ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் தானே குட்டி போடத் தொடங்கிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டோ முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவர மூன்று நான்கு வாரம் ஆகும். ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் அசுவினி முந்திக்கொள்ளும், பொறிவண்டு பிந்தி வரும். இந்த இடைவெளியில் பயந்துபோய் எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் இரண்டும் சாகும். தப்பிய நாலு அசுவினி பத்து நாளில் மறுபடி செடியை நிறைத்துவிடும். பொறிவண்டு திரும்ப ஒரு மாதம் வேண்டும். அப்புறம் கோடை முழுக்க மருந்து அடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். கோடையில் தோட்டம் எப்படி இருக்கும் என்பது செப்டம்பரிலேயே முடிவாகிவிடுகிறது.

கடை மருந்து

அதற்கும் ஒரு நியாயம் உண்டு. வேகம் அதன் பலம். மற்ற நாடுகளில் மாலத்தியான் என்றும் தென்னாப்பிரிக்காவில் மெர்காப்டோதியான் என்றும் விற்கும் மருந்தோ, சைபர்மெத்ரினோ அடித்தால் மறுநாளே செடியில் அசைவு இருக்காது. விற்கும் ஒவ்வொரு மருந்தும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். ‘எல்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் லேபிளில் இருக்கும். எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும்.

அந்த லேபிளை நம் வீட்டுச் செடிகளோடு வைத்துப் படித்தால்தான் சிக்கல் தெரியும். தக்காளி, முட்டைக்கோஸ், ரோஜா இருக்கும். கறிவேப்பிலையையும் முருங்கையையும் தேடிப் பாருங்கள், கிடைப்பது அபூர்வம். பெயர் இல்லாத பயிருக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை. தக்காளியை வாரம் ஒருமுறை பறிக்கலாம். கறிவேப்பிலையைத் தாளிக்கும் நேரமெல்லாம் கிள்ளுகிறோம். தோல் உரிப்பதில்லை, வேகவைத்து நீரை வடிப்பதுமில்லை, இலை நேராகக் கொதிக்கும் எண்ணெய்க்குள் போகிறது. கொத்தமல்லியும் புதினாவும் அதைவிட மோசம், பச்சையாகவே வாய்க்குப் போகின்றன.

இடமும் ஒரு காரணம். சாட்ஸ்வொர்த் 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் நெருக்கி நெருக்கிக் கட்டிய ஊர். ஒட்டு வீடுகள், வரிசை வீடுகள், முழ அகலக் கொல்லை. நாம் இந்தப் பக்கம் அடிக்கும் மருந்துச் சாரல் அந்தப் பக்கம் காயும் துணியிலும் அவர்கள் வீட்டுக் கீரையிலும் விழும். அந்தக் கீரை இமிஃபினோ என்ற கீரைக்கறி சமைக்கும் ஜூலு பாட்டியுடையதாக இருக்கலாம், நம் அக்காவுடையதாகவும் இருக்கலாம்.

சில மருந்துகள் ஒரு பூச்சியைக் கொன்று இன்னொன்றை வளர்த்தும் விடும். ஆகஸ்ட், செப்டம்பர் வறட்சியில் பீன்ஸ், கத்தரி இலையடியில் செஞ்சிலந்தி வரும். இலை மேல்புறம் மணல் தூவியது போல வெளிறும், அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். சைபர்மெத்ரின் வகையும் கார்பரில் என்ற மருந்தும் இந்தச் சிலந்தியைத் தின்னும் சிற்றுண்ணிகளைக் கொன்றுவிடுவதால், அடித்த சில வாரத்தில் செஞ்சிலந்தி முன்னைவிடப் பெருகும். அதற்கு இலையடியில் தினமும் தண்ணீர் தெளிப்பதே நல்ல வைத்தியம். ஈரம் அதற்கு ஆகாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெருவிலும் ரயில் நிலைய வாசலிலும் பெயரில்லாத பொட்டலத்தில், குளிர்பானப் புட்டியில் விற்கும் மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடி பகுதியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு டெர்புஃபாஸ் என்ற விவசாய நஞ்சுதான் காரணம் என்று அரசு அறிவித்தது. பெரும்பண்ணைகளுக்கு மட்டுமே உரிய அந்த நஞ்சு, எலி மருந்தாகத் தெருவில் புழங்கிக்கொண்டிருந்தது. 2025இல் அமைச்சரவை அதற்குத் தடை விதிக்க ஒப்புதல் கொடுத்தது. அப்பா காலத்துக் கராஜ் அலமாரியில் இருக்கும் பழைய புட்டிகளையும் பாருங்கள். குளோர்பைரிஃபாஸ் வீட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் 2010இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. இருக்கிறதே என்று அதை எடுத்து அடிக்கவும் கூடாது, சாக்கடையில் ஊற்றவும் கூடாது. நத்தைக்குப் போடும் குருணை நாய்க்கு எமன். தீனி என்று நினைத்து நக்கிவிடும்.

வீட்டுக் கரைசல்

இதில் உண்மையில் வேலை செய்வது சோப்பு. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக் குஞ்சு போன்ற மெல்லுடல் பூச்சிகளின் மேற்பூச்சைக் கரைத்து அவற்றை உலர்த்திக் கொன்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு போதும். பாத்திரம் கழுவும் சன்லைட் திரவத்தைப் பலர் ஊற்றுகிறார்கள். அது சில செடியின் இளந்தளிரைக் கருக்கும் என்பதால் முதலில் ஒரு கிளையில் அடித்து, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். சோப்புத் தண்ணீர் பூச்சியின் மேல் நேரடியாகப் பட்டால்தான் சாகும். காய்ந்த பிறகு அதற்கு எந்த வீரியமும் கிடையாது. அதுதான் அதன் பலவீனம், அதுவே அதன் நற்குணமும். நாளை பறந்து வரும் பொறிவண்டுக்கும் தேனீக்கும் அதனால் ஆபத்தில்லை.

பூண்டும் மிளகாயும் சேர்த்தால் வாடை பூச்சியைக் கொஞ்சம் விலக்கும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மிளகாய்க் கரைசல் காற்றில் திரும்பி அடிப்பவர் கண்ணிலேயே விழும் என்பதையும் மறக்க வேண்டாம். தாத்தா காலத்துப் புகையிலைத் தண்ணீரை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். நிகோடின் கொடிய நஞ்சு, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். போதாக்குறைக்குப் புகையிலையிலிருந்து ஒருவகைத் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடும்.

தண்ணீரே ஒரு மருந்து. குழாயில் விரலை வைத்து வேகமாகப் பீய்ச்சினால் அசுவினி உதிர்ந்துவிடும், விழுந்ததில் பெரும்பாலானவை ஏறி வருவதில்லை. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் காணாத டோங்காட்காரர்களிடம் போய் அசுவினிக்குத் தண்ணீர் பீய்ச்சுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குடத்துத் தண்ணீரில் நுனிக்கொம்பை வளைத்து முக்கி, விரலால் ஒரு தடவு தடவினாலும் அதே பலன்தான்.

வேப்பெண்ணெயும் சிரிங்காவும்

வேப்பெண்ணெயைக் கண்டால் நமக்கு ஒரு சொந்தம். அந்தப் பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல மருந்துதான். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர விடாது. உடனே சாகாது. அடித்த மறுநாள் பூச்சி உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மருந்து கெட்டுப்போனது என்று நினைப்பவர்கள் நிறைய. நான்கைந்து நாள் பொறுங்கள். வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி எண்ணெய், சில துளி சோப்பு. நன்றாகக் குலுக்கி அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சில நாளில் போய்விடும். அதனால் அந்தி வேளையில் அடித்து, வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். அது முழுக்க முழுக்கத் தீங்கற்றது என்று சொல்ல மாட்டேன். பொறிவண்டின் புழு மேல் நனைய அடித்தால் அதன் வளர்ச்சியும் கெடும். கறிவேப்பிலையில் அடித்தால் வாடையும் கசப்பும் சில நாள் தங்கும். எனவே கொழுந்தைக் கிள்ளி எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் அடியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நேட்டாலுக்கு 1860 முதல் கப்பலேறி வந்த நம்மவர்களுக்கு இங்கே வேம்பு கிடைக்கவில்லை. இலை ஒத்துப்போன சிரிங்கா மரத்தை வேம்பின் இடத்தில் வைத்து மாரியம்மன் பூசைக்குத் தோரணம் கட்டினார்கள். பூசைக்கு அது பொருந்தும். ஆனால் மரம் வேறு. சிரிங்கா நம் மலைவேம்பின் இனம், அதன் மஞ்சள் பழம் மனிதருக்கும் நாய்க்கும் பன்றிக்கும் நஞ்சு. அந்தப் பழத்தையோ இலையையோ கொதிக்கவைத்துக் கீரையில் அடிக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எண்ணெயைக் கடையில் வாங்கும்போது சிரிங்காவா வேம்பா என்று பார்த்து வாங்குங்கள்.

பூச்சியைத் தின்னும் பூச்சி

இந்த வழிக்கு நேரம் செலவாகும், கூடவே கண்ணும் பழக வேண்டும். எது நம் ஆள், எது எதிராளி என்று தெரியாததால்தான் இது பலருக்குக் கைகூடுவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இலையை நீட்டி, “ஆண்ட்டி, இந்தக் கறுப்புப் புழுதான் கொழுந்தைத் தின்னுது. நசுக்கிடட்டா?” என்று கேட்டாள். முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால், முதலைக் குட்டியைச் சிறிதாக்கியது போன்ற உடம்பு. “வேணாம்மா, அது இலையைத் தொடாது, கொஞ்ச நேரம் பாரு” என்றேன். இருவரும் பார்த்தோம். அந்தப் புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவிக்கொண்டே போய் ஓர் அசுவினியில் முட்டியது, அதைக் கவ்வி மேலே தூக்கியது. காலெல்லாம் அந்தரத்தில் உதைக்க உதைக்க, அசுவினி வற்றிச் சக்கையானது. உடனே அடுத்தது. பொறிவண்டை எல்லாருக்கும் தெரியும், கும்பிட்டு விடுவார்கள். அதன் பிள்ளையைத் தெரியாததால் கொன்றுவிடுகிறார்கள். உண்மையில் பெரும் பசி பிள்ளைக்குத்தான்.

இன்னும் சிலரையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். இலையடியில் நெருக்கமாக நட்டு வைத்தது போன்ற மஞ்சள் முட்டைக் கொத்து பொறிவண்டுடையது. மெல்லிய நூல் முனையில் தனித்தனியாக நிற்கும் வெள்ளை முட்டை பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. அசுவினிக் கூட்டத்தின் நடுவே காலில்லாமல் பச்சையாக ஊரும் புழு, பூக்களின் மேல் அந்தரத்தில் நின்று பறக்குமே அந்தக் கோடு போட்ட ஈயின் பிள்ளை. உப்பிப்போய், பழுப்பு நிறமாக, காகிதம் போல இலையில் ஒட்டிக் கிடக்கும் அசுவினியைக் கண்டால் அந்தச் செடிக்கு எதையும் அடிக்காதீர்கள். அதன் வயிற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் பிள்ளை வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறி அடுத்த அசுவினியைத் தேடிப் போய்விட்டது என்று பொருள்.

குழப்பத்தில் பெரிய குழப்பம் மாவுப்பூச்சிதான். அதைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மாவு பூசியே இருக்கும். வித்தியாசம் நடையில் தெரியும். மாவுப்பூச்சி மிக மெதுவாகத்தான் நகரும். இந்தப் புழு அதைவிடப் பெரிது, மாவு நூல்கள் நீளம், தொட்டால் சுறுசுறுப்பாக ஓடும். ஓடுவதை விட்டுவிடுங்கள்.

எல்லாப் பொறிவண்டும் நண்பனில்லை. கத்தரி, பூசணி இலையைச் சல்லடையாக்கும் ஒரு வகை உண்டு. நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போல மினுங்கும். இந்த வகையின் முதுகு மங்கலாக, நுண்ணிய மயிர் அடர்ந்து இருக்கும், புழுவின் மேல் முள் முள்ளாக இருக்கும். அதை மட்டும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம்.

இப்போது எறும்பு. என்னைக் கேட்டால் வசந்தத்தில் காசும் நேரமும் செலவழிக்க வேண்டிய ஒரே பூச்சி இதுதான். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி எல்லாம் சாறு உறிஞ்சி மிச்சத்தை இனிப்பு நீராகக் கழிக்கின்றன. இலை பிசுபிசுப்பதும், பிறகு கரி பூசியது போலப் பூஞ்சை படர்வதும் அதனால்தான். அந்த இனிப்புக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் இருக்கிறது, பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் தள்ளுகிறது, குளவியை இறங்கவிடுவதில்லை. டர்பன் கொல்லைகளில் மலிந்து கிடக்கும் பெருந்தலை எறும்பு இந்தக் காவலில் கெட்டி. எறும்பு ஏறாத மரத்தில் மற்றவர்கள் வந்து வேலையை முடிப்பதைக் கண்ணாரப் பார்க்கலாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, மா போன்ற மரத்தண்டில் ஒரு அகலமான ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் கிரீஸோ வாசலினோ தடவுங்கள். நேராகப் பட்டையில் தடவினால் மரத்துக்குக் கெடுதல். சுவரையோ கொடிக்கம்பியையோ தொடும் கிளை ஒன்று இருந்தாலும் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறிவிடும், அதை வெட்டிவிடுங்கள். தூசி படிந்தால் வாரம் ஒருமுறை புதிதாகத் தடவ வேண்டும்.

பூச்சியால் பூச்சியை அடக்குவது பெரும் தோப்புகளிலேயே நடந்த கதை. ஆஸ்திரேலியாவிலிருந்து போன பஞ்சுச் செதில் பூச்சி கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தபோது, அதன் சொந்த ஊர்ப் பொறிவண்டை 1888–89இல் தேடிக் கொண்டுவந்து விட்டார்கள். ஓரிரு ஆண்டில் தோப்புகள் பிழைத்தன. அதே பொறிவண்டு பிறகு தென்னாப்பிரிக்காவுக்கும் வந்தது. 1940களில் கலிஃபோர்னியாவில் டி.டி.டி. அடிக்கத் தொடங்கிய தோப்புகளில் பொறிவண்டு செத்து, அரை நூற்றாண்டுக்கு முன் அடங்கிய அந்தச் செதில் பூச்சி திரும்பி வந்தது. நமக்குப் பக்கத்திலேயே ரீயூனியன் தீவில், எலுமிச்சை இனத்தைப் பச்சை நோயால் கெடுத்த சாறு உறிஞ்சிகளை 1970களில் ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டே அடக்கினார்கள். எலுமிச்சை இலையில் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக மேடு தட்டும் அந்த ஆப்பிரிக்கப் பூச்சியை வேட்டையாடும் குளவி இந்த நாட்டிலிருந்தே அங்கே போனது.

குளவிக்கும் கோடு போட்ட ஈக்கும் வளர்ந்த பிறகு தேனும் மகரந்தமும் வேண்டும். அதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. கொத்தமல்லிப் பாத்தியில் கடைசி வரிசையைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். அந்த வெள்ளைப் பூக்குடை மேல் வந்து உட்காரும் சின்னச் சின்னக் குளவிகளை எண்ணி மாளாது. சோம்புப் பூவும் துளசிப் பூவும் அப்படியே. சாமிக்கு மாலை கட்டப் போடும் செண்டுமல்லி இன்னொரு வேலையும் செய்யும். டர்பன் கரையோரச் சிவப்பு மணலில் தக்காளி, கத்தரி வேரை முடிச்சு முடிச்சாக்கும் நூற்புழுவை அதன் வேர் அடக்கும். ஓரமாக நாலு செடி வைத்தால் பலிக்காது. கத்தரி வைக்கப்போகும் பாத்தியிலேயே இரண்டு மூன்று மாதம் நெருக்கமாக வளர்த்து, வேரை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும்.

டர்பன் தோட்டங்களில் ஒரு சின்னப் பச்சோந்தி உண்டு, குவாசூலு குட்டைப் பச்சோந்தி. விரல் நீளம்தான். ஈயையும் வெட்டுக்கிளிக் குஞ்சையும் தின்று செடியிலேயே வாழும். தென்னாப்பிரிக்காவை விட்டால் வேறெங்கும் அது கிடையாது. மருந்து அடித்த புதரில் அது தங்காது. அதைப் பார்த்தால் அபசகுனம் என்று அடிப்பவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். விடியலில் கத்தி எழுப்பும் ஹடிடா பறவை மேல் கோபம் வரலாம். அது புல்தரையில் அலகை விட்டுக் கிளறித் தின்பது வெட்டுப்புழுவையும் பிள்ளைப்பூச்சியையும்தான்.

செடிக்குச் செடி

கறிவேப்பிலைக்கு எறும்பைத் தடுக்கும் ஒட்டுநாடா, பொறுமை. நாலு வாரம் கழித்தும் கொழுந்து விரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். பீன்ஸ், மிளகாய் அசுவினிக்கும் அதே. ஆனால் நாற்று கைவிரல் உயரம்தான் என்றால் காத்திருக்காதீர்கள். சின்னச் செடியில் சாறு போனால் எழும்பாது. முதல் நாளே விரலால் தடவிவிட்டுச் சோப்பு அடியுங்கள்.

தரையோடு நாற்று வெட்டுண்டு சாய்ந்து கிடந்தால் வெட்டுப்புழு. அதற்கு எந்தப் புட்டியும் தேவையில்லை. கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயை நாற்றைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணுக்குள் புதைத்தால் போதும்.

முட்டைக்கோஸ் புழுவுக்குப் பி.டி. என்ற பாக்டீரியா மருந்து கிடைக்கிறது. அது புழு தின்றால் மட்டுமே வேலை செய்யும், மனிதருக்கும் தேனீக்கும் பொறிவண்டுக்கும் ஒன்றும் செய்யாது. கடையில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது என்று நான் சொல்லும் மருந்துகளில் அது முதல்.

தக்காளியில் 2016 முதல் ஒரு புதுத் தொல்லை. தென்னமெரிக்காவிலிருந்து கிளம்பி இந்த நாட்டுக்குள் வந்த டூட்டா என்ற இலைத்துளைப்பான். இலைக்குள் வெளிறிய கொப்புளம் போலச் சுரங்கம் போட்டு, பிறகு காயையும் துளைக்கும். பல ரசாயன மருந்துகளுக்கு அது பழகிப்போய்விட்டது, அடித்தும் பயனில்லை. கொப்புளம் விழுந்த இலையை உடனே கிள்ளி, இறுக்கி முடிந்த பிளாஸ்டிக் பையில் வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். அந்த உரக்குழியில் கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைக் கண்டு பதற வேண்டாம். பெரும்பாலும் அவை பழவண்டின் பிள்ளைகள், குப்பையை உரமாக்கிக்கொண்டிருக்கின்றன. வண்டாகிப் பழத்துக்கு வரும்போது பொறுக்கிக்கொள்ளலாம்.

கோடை தொடங்கியதும் பீன்ஸ் பூவையும் செம்பருத்தியையும் தின்ன வரும் கறுப்பு மஞ்சள் பட்டை வண்டை இங்கே சி.எம்.ஆர். வண்டு என்பார்கள். பழைய கேப் குதிரைப்படையின் சீருடை நிறம் அது. அதைக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். அதன் நீர் தோலில் பட்டால் கொப்புளிக்கும்.

மாவும் கொய்யாவும் காத்திருக்கும் வழிக்கு ஒத்துவராதவை. பழ ஈ தோலுக்குள் முட்டையிட்டுவிடும், எந்தப் பொறிவண்டும் அங்கே நுழையாது. காய் முற்றத் தொடங்கும் முன் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்ட வேண்டும். மரம் பெரிது, கை எட்டாது என்றால் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து கலந்த புரத இரையைத் தண்டிலும் இலையிலும் திட்டுத் திட்டாக அடிக்கலாம். காயின் மேல் படாமலே ஈ தேடி வந்து தின்று சாகும். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி அழிக்காவிட்டால் இரண்டும் வீண்.

எலுமிச்சையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழு, பிறகு பச்சையாகித் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவை நீட்டி நாற்றம் விடுமே, அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான் என்பதால் அங்கேயும் வரலாம். வளர்ந்த மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. முழங்கால் உயரக் கன்றில் இரண்டு புழு இருந்தாலே மொட்டையாகிவிடும். அங்கிருந்து எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள்.

இந்த வாரக் கடைசியில் தோட்டக் கடைக்குப் போகிறவர்கள் ஒட்டுநாடா, கொத்தமல்லி விதை, செண்டுமல்லி விதை, கூடவே ஒரு புதுத் தெளிப்புக் குப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்த பழைய குப்பியில் சோப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுவிய பிறகும் அதில் ஒட்டியிருக்கும் மிச்சமே மிளகாய் நாற்றைக் கருக்கிவிடும்.